அணைக்கு முன்பே எழுதிய பாசன உரிமை

நகரத்தின் குடிநீருக்காக ஆற்றில் அணை கட்டுகிறார்கள் என்றால், கீழே பாசனம் செய்யும் விவசாயிக்கு ஒரே கவலைதான்: "என் வயலுக்குத் தண்ணீர் வருமா?" அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் துவாலமி ஆற்று விவசாயிகள் இதற்கு அணை எழும் முன்பே விடை பெற்றுவிட்டார்கள். அந்த விவரத்தை நம் விவசாயிகளும் அறிந்துகொள்வது நல்லது.

ரயில் பாதையிலிருந்து அணைக்கு

யூட்டா கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி 1900-ல் ஆக்டன் நகரில் தொடங்கப்பட்டது. ரயில் பாதை போடுவதே அதன் முக்கியத் தொழில். பாறை உடைப்பது, மண் அள்ளுவது, மலையைக் குடைவது ஆகியவற்றில் பெற்ற அனுபவம் பிற்பாடு அணை வேலைக்குக் கைகொடுத்தது. சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்காக, துவாலமி ஆற்றின் மேற்பகுதியில் ஓஷாக்னஸி அணையைக் கட்டும் காண்டிராக்டை 1919-ல் பெற்று, 1923-ல் முடித்தது. சிமெண்டும் தளவாடங்களும் கொண்டுசெல்ல நகரமே 68 மைல் ரயில் பாதை அமைத்திருந்தது. சுமார் 269 கி.மீ. கடந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது 1934-ல்தான்.

விவசாயிகள் பெற்ற பாதுகாப்பு

அதே ஆற்றை நம்பிய டர்லாக், மொடெஸ்டோ பகுதி விவசாயிகள் 1887-லேயே தனித்தனியே பாசன அமைப்புகளை ஏற்படுத்தியிருந்தார்கள். நிர்வாகிகளைத் தேர்தல் மூலம் அமர்த்தி, நிலத்துக்கு வரி போட்டுப் பணம் திரட்டினார்கள். இரு அமைப்புகளும் சேர்ந்து 1893-ல் லாகிரேஞ்ச் என்ற இடத்தில் அணை கட்டி முடித்தன. நகரத்தின் திட்டம் வந்தபோது இவ்வமைப்புகள் எதிர்த்து வாதாடின. இதனால் 1913-ல் வந்த ராக்கர் சட்டத்தில் அவர்களது உரிமை எண்ணிக்கையோடு எழுதப்பட்டது:

1. ஆற்றில் இயற்கையாக வரும் நீரில், பயிருக்குப் பயன்படும்போதெல்லாம் வினாடிக்கு 2,350 கன அடி வரை பாசனத்துக்கே முதல் உரிமை.

2. ஏப்ரல் 15 முதல் 60 நாட்களுக்கு இது 4,000 கன அடி வரை. மலையில் பனி உருகி ஆறு பெருகும் காலம் இது.

3. அளக்கும் இடம் லாகிரேஞ்ச் அணை.

கவனிக்க வேண்டியது

சட்டம் 1913, காண்டிராக்ட் 1919, அணை 1923. இந்த வரிசைதான் முக்கியம். கம்பெனி வரைபடத்தில் உள்ளபடி கட்டிக் கொடுக்கும். தண்ணீர் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது அதன் வேலையல்ல. "பாசனம் பாதிக்காது" என்ற வாய்மொழி உறுதியும் போதாது. எவ்வளவு, எந்தக் காலத்தில், எந்த இடத்தில் அளப்பது ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அதை ஒருவர் தனியாகக் கேட்டுப் பெறுவது கடினம். அமைப்பாகச் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். அணை வருமுன் உரிமையை எழுதி வாங்குவதும் அவ்வாறே.