தூக்கம் கெட்ட மூளைக்குத் தன் தடுமாற்றம் தெரியாது

"நான் அஞ்சு மணி நேரம்தான் தூங்குவேன், எனக்கு அது போதும்" என்று சொல்லும் மேலதிகாரிகளை நிறையப் பார்த்திருக்கிறோம். குரலில் பெருமிதம் இருக்கும். கீழே வேலை செய்பவர்களும் அதை உழைப்பின் அடையாளமாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 'போதும்' என்று தீர்ப்புச் சொல்வது, தூக்கம் குறைந்த அதே மூளைதான். அதன் தீர்ப்பை நம்ப முடியாது என்பதை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பதினான்கு இரவுகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், நல்ல உடல்நலம் உள்ளவர்களை ஆய்வகத்திலேயே தங்கவைத்தார்கள். 14 நாட்களுக்குச் சிலருக்கு இரவில் 8 மணி நேரம், சிலருக்கு 6, சிலருக்கு 4 மணி நேரம் மட்டுமே படுக்க அனுமதி. பகலில் கவனத்தையும் நினைவையும் சோதித்துக்கொண்டே இருந்தார்கள்.

6 மணி நேரம் படுத்தவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. இரண்டு வாரம் முடிவதற்குள், ஓர் இரவு முழுக்கக் கண்விழித்தவரைப் போலத் தடுமாறினார்கள். என்னை உலுக்கியது இதற்கு அடுத்த செய்தி. "தூக்கம் வருகிறதா?" என்று அவர்களைக் கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு பதில் பெரிதாக மாறவே இல்லை. திறன் சரிந்துகொண்டிருந்தது, ஆனால் பழகிவிட்டது என்றே அவர்கள் உணர்ந்தார்கள்.

ஆறு மணி நேரம் என்பது நம்மில் பலர் 'நல்ல தூக்கம்' என்று நினைக்கும் அளவு.

கோபம் எங்கிருந்து வருகிறது

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் யோசிப்பது, திட்டமிடுவது, பொறுத்துப்போவது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா, ஆபத்து என்று கண்டதும் மணியடிக்கும். முன்மூளை அதைத் தட்டிக்கொடுத்து அடக்கிவைக்கும்.

2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 35 மணி நேரம் தூங்காதவர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். தூங்கியவர்களைவிட அவர்களின் அமிக்டலா சுமார் 60 சதவீதம் அதிகமாகக் கொதித்தது. அதை அடக்கும் முன்மூளையுடனான தொடர்பும் தளர்ந்திருந்தது.

காலை கூட்டத்தில் சின்னப் பிழைக்கு வெடிக்கும் மேலாளரை இனி இந்தக் கண்ணோடு பாருங்கள். இரவு சரியாகத் தூங்காத மேலாளர் மறுநாள் கடுமையாக நடந்துகொள்வதையும், அன்று அவருடைய குழுவுக்கே வேலையில் ஈடுபாடு குறைவதையும் 2015-இல் வெளியான ஆய்வொன்று பதிவு செய்தது. திட்டு வாங்கியவரின் மூளையிலும் இதே கதைதான். கடும் மனஅழுத்தத்தில் சுரக்கும் ரசாயனங்கள் முன்மூளையை மந்தமாக்கிவிடும். தெரிந்த கணக்குகூட அப்போது கைக்கு வராது. "ஒழுங்கா யோசிச்சு வேலை பாரு" என்று கத்தும்போது, யோசிக்கும் இடத்தைத்தான் அடைத்துவிடுகிறோம்.

படித்தது எப்போது பதிகிறது

பகலில் கற்றதை மூளை தூக்கத்தில்தான் அடுக்கிவைக்கிறது. ஓடி வழி தேடிய எலிகளின் மூளையில், ஓடும்போது சேர்ந்து இயங்கிய செல்கள் பிறகு தூங்கும்போதும் சேர்ந்து இயங்கியதை 1994-இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அன்றைய பாடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது.

புதிதாகச் சேர்ந்தவருக்கு மூன்று நாளில் எல்லாவற்றையும் திணித்து, உடனே நைட் ஷிப்டிலும் போடுவது, விதைத்த நிலத்தை அன்றே உழுவது போன்றது. தினம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்து, மறுநாள் காலை "நேற்று என்ன பார்த்தோம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டால் நிற்கும்.

பாஸ்டன் மருத்துவமனையில்

பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தை இரண்டு விதமாக மாற்றிப் பார்த்தார்கள். ஒரு முறையில் 24 மணி நேரத்தையும் தாண்டும் வழக்கமான டூட்டி. இன்னொன்றில் நீண்ட டூட்டி நீக்கப்பட்டு, தொடர் வேலை சுமார் 16 மணி நேரத்துக்குள் நின்றது. 2004-இல் முடிவு வெளியானது: பழைய முறையில் கடுமையான மருத்துவத் தவறுகள் 36 சதவீதம் அதிகம். மருத்துவர்கள் அதேபோல் படித்தவர்கள்தான், அக்கறையும் அதேதான். மாறியது நேர அட்டவணை மட்டுமே. அதைப் போடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, பொறுப்பும் அவர் கையில்தான்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு

இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை அனுப்பாதீர்கள். "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று கூடவே எழுதினாலும், படித்தவர் அதையே நினைத்துப் புரண்டுகொண்டிருப்பார். நைட் ஷிப்ட் முடித்தவரை அப்படியே டபுள் டூட்டிக்கு நிறுத்தாதீர்கள். பெரிய முடிவுகளைக் களைத்த மாலையில் எடுக்க வேண்டாம், காலைக்குத் தள்ளுங்கள். மதியம் இருபது நிமிடம் கண்ணயர்பவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். நீண்ட தூர விமானிகளுக்குப் பயணத்தின் நடுவில் 40 நிமிட ஓய்வு கொடுத்து நாசா சோதித்தபோது, சராசரியாக 26 நிமிடமே தூங்கினார்கள். அந்தக் குட்டித் தூக்கமே அவர்களைச் சுறுசுறுப்பாக்கியது.

காபியை மதியத்தோடு நிறுத்துவது நல்லது. குடித்த கஃபீனில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும்.

ஏழெட்டு மணி நேரம் படுத்தும் பகலில் கண் சொருகுகிறதா? பலத்த குறட்டை விடுவதாகவும், நடுவில் மூச்சு நின்றுபோவதாகவும் வீட்டில் சொல்கிறார்களா? அது தூக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாதிக்கும் நோய் அது, சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் போகும்போது, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். என்ன நடந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.