விழுப்புரத்துக் கணேசன்

மும்பையில் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிவாஜி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது, குதிரைமீது வாளேந்தி அமர்ந்திருக்கும் மராட்டிய மன்னரின் சிலையேயாம். வீட்டில் பழைய தமிழ்ப் படம் ஓடும்போது, "இவருக்கு ஏன் அந்தப் பெயர்? இவரும் மராட்டியரா?" என்று அவர்கள் வினவுவதுண்டு. "பெரியார் கொடுத்த பெயர்" என்று ஒரே வாக்கியத்தில் நாம் விடையை முடித்துவிடுகிறோம். விடை சரியே. ஆயினும் அந்தப் பெயரைப் பெறுமுன் ஓர் ஏழைச் சிறுவன் கடந்து வந்த பதினெட்டு ஆண்டுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

1928-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் விழுப்புரத்தில் பிறந்த அக்குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் கணேசன். தந்தையார் சின்னையா மன்றாயர். தாயார் இராஜாமணி அம்மாள். வி. சி. கணேசன் என்னும் பெயரில் முதலெழுத்து ஊரையும், அடுத்தது தந்தையாரையும் குறிக்கும். குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சை மாவட்டம்.

தந்தையார் இரயில்வேயில் பணியாற்றியவர். மாதந்தோறும் தவறாது வரும் சம்பளத்தின் அருமை இரயில்வேக் குடும்பங்களுக்கு நன்கு தெரியும். அதனையும் பொருட்படுத்தாது அவர் விடுதலைப் போரில் ஈடுபட்டார். அதன் பயனாகச் சிறை புகுந்தார். தாம் பிறந்த நாளன்றே தந்தை கைதானார் என்று சிவாஜி கணேசன் தம் சுயசரிதையில் கூறியுள்ளார். கையில் பச்சைக் குழந்தை, மடியைப் பற்றி நிற்கும் மூத்த பிள்ளைகள், சிறையில் கணவர் என்ற நிலையில் அந்த இல்லத்தின் பாரம் முழுவதும் இராஜாமணி அம்மாளின் தோளில் விழுந்தது. தேசத் தொண்டரின் தியாகத்தைப் போற்றும் நாம், அவர் இல்லத்தில் அடுப்பெரியப் பாடுபட்ட பெண்மணியின் தியாகத்தைப் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

பின்னர் குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்து, சங்கிலியாண்டபுரத்தில் வாழ்ந்தது. அங்கே ஒருநாள் கட்டபொம்மன் கூத்து நடந்தது. சிறுவன் கணேசன் அதைக் கண்டான். வெள்ளையரை எதிர்த்துச் சிறை சென்றவரின் மகனுக்கு, வெள்ளையரை எதிர்த்துத் தூக்குக் கயிற்றை ஏற்ற வீரனின் கதை நெஞ்சில் தைத்ததில் வியப்பென்ன? தானும் நடிகனாக வேண்டும் என்ற எண்ணம் அன்றே வேரூன்றியது.

அக்காலத்தில் நடிப்புப் பயில விரும்பிய ஏழைச் சிறுவருக்கு இருந்த கல்விக்கூடம் "பாய்ஸ் கம்பெனி" எனப்பட்ட பாலர் நாடக சபையே. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் வளர்த்த மரபு அது. டி. கே. எஸ். சகோதரர்களும், எம். ஜி. இராமச்சந்திரனும், அவர் தமையனார் சக்கரபாணியும் இத்தகைய சபைகளில் வளர்ந்தவர்களே. உணவும் உறைவிடமும் சபையார் பொறுப்பு. பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச் சண்டை யாவும் அங்கே கற்பிக்கப்படும். தன் பாடத்தை மட்டுமின்றி மற்றவர் பாடத்தையும் சிறுவன் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒருவன் நோயுற்றால் மற்றவன் அன்றிரவே அந்த வேடம் தரிக்க வேண்டுமல்லவா? தவறினால் பிரம்படி. பெண் வேடங்களையும் சிறுவர்களே தாங்குவர். மகரக்கட்டு உடைந்து குரல் மாறும் பருவம் வந்தால், அதுவரை பாடிப் புகழ்பெற்ற பிள்ளையின் எதிர்காலமே கேள்விக்குறியாகிவிடும்.

அண்டை வீட்டு நண்பரான காக்கா இராதாகிருஷ்ணன் முன்னரே சேர்ந்திருந்த யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடக சபையில் கணேசனும் போய்ச் சேர்ந்தான். பெற்றோர் உள்ள பிள்ளையென்று சொன்னால் சேர்க்கமாட்டார்களோ என்று அஞ்சி, தனக்குத் தாய் தந்தையர் இல்லை, தான் ஓர் அநாதை என்று அங்கே கூறினான். வீட்டில் தாய் உயிரோடிருக்க, அவள் இல்லையென்று சொல்லத் துணியுமளவுக்கு அந்தப் பிஞ்சு உள்ளத்தில் நடிப்பு வேட்கை மூண்டிருந்தது.

இராமாயண நாடகத்தில் சீதை வேடமே கணேசனுக்கு முதலில் கிட்டியது. பின்னர் பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித்து எனப் பல வேடங்கள் வந்தன. ஒரே கதையில் உத்தமியாகவும் அரக்கியாகவும், அன்பே உருவான தம்பியாகவும் ஆணவமே உருவான வீரனாகவும் மாறி மாறி நடித்த பயிற்சியை எண்ணிப் பாருங்கள். 1964-ஆம் ஆண்டு வெளிவந்த "நவராத்திரி" படத்தில் ஒன்பது வேடங்களை அவர் ஏற்றபோது உலகம் வியந்தது. அதற்கான விதை சபையின் மேடையிலேயே விதைக்கப்பட்டுவிட்டது.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. சபை ஊர் ஊராகச் செல்லும். பிள்ளையும் உடன் செல்லும். தாயின் கையால் உண்டு, தாய்மடியில் உறங்க வேண்டிய பருவம் கொட்டகைகளில் கழிந்தது.

1946-ஆம் ஆண்டில் அறிஞர் அண்ணா எழுதிய "சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்" நாடகத்தில் மராட்டிய மன்னராக நடிக்கும் வாய்ப்பு கணேசனுக்குக் கிட்டியது. நீண்ட வசனங்களைக் குறுகிய காலத்திற்குள் மனனம் செய்து முழங்கினார். சபையின் பிரம்படி அன்று பயன் தந்தது எனலாம். நாடகத்தைக் கண்ட தந்தை பெரியார் அவரைச் "சிவாஜி" என அழைத்தார். நம் பிள்ளைகள் கேட்கும் வினாவுக்கு முழு விடை இதுவே.

வேலூரைச் சேர்ந்த பி. ஏ. பெருமாள் முதலியார், பலர் ஐயுற்றபோதும் இவரே கதாநாயகன் என உறுதியாக நின்று எடுத்த "பராசக்தி" 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் வெளிவந்தது. பின் நிகழ்ந்தவை தமிழ்நாடு அறிந்தவை. சிறுவயதில் கூத்தாகக் கண்ட கட்டபொம்மனை அவர் நாடக மேடையிலும், 1959-இல் திரைப்படத்திலும் நடித்துக் காட்டினார். அதற்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். 2001-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் அவர் மறைந்தார்.

புகழ் வந்தபின் வாழ்நாள் முழுதும் அவர் கூட்டுக் குடும்பத்தை விட்டு நீங்கவில்லை. தம்பி சண்முகம் வரவு செலவுகளைக் கவனிக்க, அனைவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். சிறுவயதில் இழந்த வீட்டைப் பெரியவரான பின் அவர் தேடிக் கட்டிக்கொண்டார் என்றே தோன்றுகிறது. சென்னைத் தியாகராய நகர் செல்லும் அன்பர்கள் அவ்வில்லத்தின் வாயிலில் ஒரு கணம் நின்று பெயர்ப் பலகையை வாசிக்க வேண்டும். தாயில்லாப் பிள்ளையென்று கூறி நாடக சபையிற் சேர்ந்த கணேசன், தம் மாளிகைக்கு இட்ட பெயர் "அன்னை இல்லம்."