சீழ்க்கையடிக்கும் வேட்டைக்காரன்

ஜோகூரின் எண்டாவ்–ரொம்பின் காட்டில் ஓநாயைத் தேடுபவர் ஏமாந்து போவார். மலேசியாவில் ஓநாயே கிடையாது. ஆயினும், அதைப் போலவே கூட்டமாக வேட்டையாடும் உறவினம் ஒன்று மலாயாத் தீபகற்பத்து மழைக்காடுகளில் வாழ்கிறது. அதுவே செந்நாய். மலாய்க்காரர் இதனை ‘அஞ்சிங் ஹூத்தான்’, அதாவது காட்டு நாய், என்பர். சங்கப் புலவர்களும் இவ்விலங்கை அறிந்திருந்தனர்.

செம்பழுப்பு உடலும் கறுத்து அடர்ந்த வாலும் உடையது செந்நாய். ஓநாய்க்கும் வீட்டு நாய்க்கும் 42 பற்கள், இதற்கோ 40. கூட்டம் சிதறும்போது இது குரைத்து அழைப்பதில்லை, சீழ்க்கையடித்து அழைக்கும். சில அடி தூரமே கண்ணுக்குப் புலப்படும் புதரில் கூட்டத்தை ஒன்று சேர்ப்பது அவ்வொலியே.

இரையை உயிரோடு கிழித்துத் தின்னும் கொடிய விலங்கு என்று செந்நாய்க்கு நெடுங்காலம் கெட்ட பெயர் இருந்தது. புலியைப் போல் ஒரே கடியில் பெரிய மானைக் கொல்லும் வலிமை இதற்கு இல்லை. இது உடலமைப்பின் விளைவேயன்றிக் கொடுமையன்று. ஆனால் இந்தியாவில் செந்நாயைக் கொன்றவருக்குப் பரிசுப் பணம் வழங்கப்பட்டு வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே அதற்கு முடிவு கட்டியது.

பழியை மாற்றியது பொறுமையான கவனிப்பு. நாங்குநேரியைச் சேர்ந்த விலங்கியலறிஞர் ஏ. ஜே. டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். தாய் மட்டுமன்றி மற்ற செந்நாய்களும் இறைச்சியை விழுங்கி வந்து, குகையிலுள்ள குட்டிகளுக்குக் கக்கி ஊட்டுவதை அவர் கண்டறிந்தார்.

மழைக்காட்டில் இப்படி நேரில் காண்பது அரிது. காட்டுப் பாதைகள் கூடுமிடத்தில் செந்நாய்கள் இடும் எச்சத்தில் கிடக்கும் மயிரைக் கொண்டு, அவை தின்ற இரை இன்னதென ஆய்வாளர் அறிகின்றனர். மரத்தில் கட்டிய தானியங்கிக் காமிராக்கள் தாமான் நெகாராவில் இவற்றைப் படம் பிடித்துள்ளன.

வேட்டை விலங்கு இல்லாவிடில் மான் பெருகும். மான் பெருகினால் இளங்கன்றுகள் அழியும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் ஓநாய்கள் ஒழிக்கப்பட்ட பின் இதுவே பெருங்கவலையாயிற்று. 1995இல் அவை மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டன.

இன்று உலகில் வளர்ந்து இனம் பெருக்கும் செந்நாய்கள் 2,500க்கும் குறைவே என மதிப்பிடப்படுகிறது. திருட்டு வேட்டைக்காரரின் கம்பிக் கண்ணி மானையும் கொல்லும், மானைத் துரத்தி வரும் செந்நாயையும் கொல்லும். வீட்டு நாய்களின் நோயும் இதற்குப் பகை. ஆகவே செந்நாயைக் காப்பதென்பது அதன் இரையைக் காப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். மானற்ற காட்டில் சீழ்க்கை ஒலிக்காது.