கோமாளிகள் சரித்திரம் – 11: ஏழு தொன் உணவோடு வந்த பகிடிக்காரன்

சென்ற வாரம் மரைக்கார் ராம்தாஸையும் அப்புக்குட்டி ராஜகோபாலையும், அவர்கள் நடித்து 1976இல் வெளிவந்த 'கோமாளிகள்' படத்தையும் பார்த்தோம். இந்த வாரம் கடல் கடக்கிறோம்.

டிக் கிரகரி 1932இல் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரில் பிறந்த கறுப்பின நகைச்சுவைக் கலைஞர். தகப்பன் கைவிட்ட குடும்பம். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலைசெய்து பிள்ளைகளை வளர்த்தார். பசியைக் கிரகரி புத்தகத்தில் படித்து அறியவில்லை.

1961 ஜனவரியில் சிக்காகோ பிளேபோய் கிளப்பில் ஒருவருக்கு மாற்று ஆளாகக் கூப்பிட்டார்கள். அன்றைக்குச் சபையில் இருந்தவர்கள் தென்மாநிலங்களிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார வியாபாரிகள். நிர்வாகத்துக்கே பயம். கிரகரி மேடையேறி, இனவெறியை வைத்தே அவர்களைச் சிரிக்க வைத்தார். ஓர் இரவுக்கு வந்தவரை வாரக்கணக்கில் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு ஜாக் பாரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைப்பு. அங்கே கறுப்பினக் கலைஞர்கள் தம் பங்கை முடித்துவிட்டுப் போய்விட வேண்டும். பக்கத்தில் அமர்ந்து கதைப்பது வெள்ளையருக்குத்தான். இருக்கை தந்தால் வருகிறேன் என்றார் கிரகரி. தந்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் இத்தொடரில் அவருக்கு அரைப் பக்கம் போதும்.

மிசிசிப்பியின் கிரீன்வூட் பகுதியில் கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதியத் தொடங்கியிருந்தனர். அவர்களை அடக்க அந்த மாவட்ட நிர்வாகம் கண்டுபிடித்த வழி, மத்திய அரசின் இலவச உணவு விநியோகத்தை நிறுத்துவது. 1962 கடைசி, பருத்தித் தோட்டங்களில் வேலையில்லாத குளிர்காலம். சுமார் 22,000 பேருக்கு அந்த மாவும் அரிசியும்தான் ஆதாரம். சோற்றில் கைவைத்தால் வாக்கைக் கைவிடுவார்கள் என்பது கணக்கு. தொண்ணூறுகளில் வவுனியாவுக்கு அப்பால் சவர்க்காரமும் பற்றரியும் போகாத நாட்களில் உறவுகளை நினைத்துத் தவித்த வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

1963 பெப்ரவரியில் கிரகரி விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, சிக்காகோவில் சேர்ந்த ஏறத்தாழ ஏழு தொன் உணவோடு தெற்கே வந்தார். 1987 ஜூன் 4இல் யாழ்ப்பாணத்தின் மேல் உணவு போட இந்தியா தன் விமானப்படையையே அனுப்பவேண்டியிருந்தது. மிசிசிப்பியில் அதை ஒரு பகிடிக்காரன் முன்னின்று செய்தான்.

அதற்குப் பின் அவர் மேடையில் நின்றதைவிட வீதியிலும் சிறையிலும் நின்றதுதான் கூட என்று சொல்லத் தோன்றுகிறது. 1963 மே மாதம் பர்மிங்ஹாம் சிறை. 1965இல் லொஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் கலவரத்தைத் தணிக்கப் போய்க் காலில் துப்பாக்கிச் சூடு. அகிம்சை என்றால் விலங்குக்கும்தான் என்று மரக்கறி உணவுக்கு மாறினார். நம்மூர்ச் சைவக்கடைகளில் அவருக்கு ஆயுட்கால இலவசச் சாப்பாடு கொடுத்திருக்கலாம், ஆனால் மனிதர் சாப்பிட்டிருக்க மாட்டார். 1967இல் வியட்நாம் போரை எதிர்த்து நாற்பது நாள் உண்ணாவிரதம், அதற்குப் பின்னும் பல. நல்லூரில் திலீபனையும் மட்டக்களப்பில் அன்னை பூபதியையும் பறிகொடுத்த நமக்கு உண்ணாவிரதம் என்ற சொல்லே தொண்டையை அடைக்கும். கிரகரி பிழைத்துவந்து அதைப் பற்றியும் பகிடி விட்டார். 1976இல் உலகப் பட்டினியை நினைவூட்ட லொஸ் ஏஞ்சலீஸிலிருந்து நியூயோர்க் வரை ஓடினார்.

1968இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது, தன் முகம் பதித்த ஒரு டொலர் தாளைத் துண்டுப்பிரசுரமாக அடித்தார். சில்லறை மாற்றும் இயந்திரங்கள் அதை உண்மைக் காசென்று ஏற்க, அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அதே ஆண்டு எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர், கிரகரி மாஃபியாவைத் தாக்கிப் பேசியதை மாஃபியாவின் காதில் போடலாம் என்று எழுத்தில் யோசனை சொன்னார்.

பிற்காலத்தில் அவர் எடை குறைக்கும் மா விற்றார். எதிலும் சதியைக் கண்டார். அந்தக் கிரகரியை எனக்குப் பிடிக்காது. ஆனால் ஹூவரின் கடிதத்தைப் படித்த பிறகு அவரது சந்தேகப் புத்தியைக் கேலி செய்யவும் மனம் வரவில்லை. 2017 ஓகஸ்ட் 19இல் வாஷிங்டனில் காலமானார்.

இனிக் கடல் கடந்து ஊர் திரும்புவோம். 2023 மே மாதம் நடாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைக் கலைஞரை நம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதுசெய்தார்கள். பாய்ந்தது எந்தச் சட்டம் தெரியுமா? சிவில், அரசியல் உரிமைகளைக் காக்கவென்று கொண்டுவந்த சட்டம். அந்தக் கதை அடுத்த வாரம்.