பச்சிலர் பார்ட்டி: கொழும்பில் ஓர் இரவை முடிவிலிருந்து திட்டமிடுவோம்

பொன்னுருக்கலுக்கும் தாலிகட்டுக்கும் நாள் பார்த்துத் தர ஐயர் இருக்கிறார். மண்டபம், சாப்பாடு, மேளம் எல்லாவற்றுக்கும் பெற்றோரும் மாமன்மாரும் பொறுப்பு. ஆனால், எமது கல்யாணப் பட்டியலில் அண்மைக் காலமாகச் சேர்ந்துகொண்டிருக்கும் பச்சிலர் பார்ட்டிக்குப் பொறுப்பாளி என்று யாரும் இல்லை. யாராவது ஒருவர் வட்ஸ்அப்பில் குழுவொன்றைத் தொடங்குவார். "மச்சான், கொழும்பில ஒரு நைட் போடுவம்" என்று இன்னொருவர் எழுதுவார். பத்துப் பேர் கைவிரலை உயர்த்துவார்கள். திட்டமிடல் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது.

குழுவில் நடக்கும் உரையாடலைப் பார்த்தால், எங்கே தொடங்குவது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்த இரவு எப்படி முடியப்போகிறது என்று எவரும் கேட்பதில்லை. இரவு 2 மணிக்கு இந்தப் பத்துப் பேரும் எங்கே இருப்பார்கள், எதில் திரும்புவார்கள், கையில் எவ்வளவு காசு மிச்சம் இருக்கும்? இந்தக் கேள்விகளுக்கு முதலில் பதில் எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிட்டால், பெரும்பாலான சிக்கல்களைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

நாள்

யாழ்ப்பாணத்து வழக்கத்தில் பொன்னுருக்கல் முடிந்த பின்னர் மாப்பிள்ளை வெளியே அலைந்து திரிவதைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. அதை நம்புகிறோமோ இல்லையோ, அதற்குப் பிந்திய நாளொன்றைத் தெரிவுசெய்தால் வீட்டில் வீண் மனக்கசப்புத்தான். பொன்னுருக்கலுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னர் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

அடுத்தது போயா. மாதந்தோறும் பௌர்ணமி தினத்தில் நாடு முழுவதும் மதுபான விற்பனை தடை. வெசாக்கிற்கு இரண்டு நாட்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் விமானச் சீட்டைப் பார்த்து நாள் குறிப்பார்களே தவிர, இலங்கை நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. போயாவுக்கு முந்திய இரவு என்றால், நள்ளிரவுக்குப் பின்னர் என்ன நடைமுறை என்று அந்த இடத்திலேயே கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, தூரம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் இரவு பஸ்ஸில் வந்து, அன்றிரவே கொண்டாடி, மறுநாள் இரவு பஸ்ஸில் திரும்புவது என்றால் இடையில் தூக்கமே இல்லாமல் போய்விடும். ஒரு முழு நாள் ஓய்வையும் கணக்கில் சேருங்கள்.

காசு

நட்புகள் முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உதாரணத்துக்கு எட்டுப் பேர், மெனு விலைப்படி 60,000 ரூபாவுக்குச் சாப்பிட்டுக் குடித்ததாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 7,500 ரூபா என்று மனதில் கணக்குப் போட்டிருப்பார்கள். ஆனால் பல உணவகங்களிலும் ஹோட்டல்களிலும் 10 சதவீத சேவைக் கட்டணம் தனியாகச் சேரும். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். இரண்டையும் அடிப்படை விலையில் மட்டும் கணக்கிட்டாலே பில் 76,800 ரூபாவாகிவிடும், ஆளுக்கு 9,600. மாப்பிள்ளையின் பங்கை மற்றவர்கள் ஏற்பதுதான் முறை என்பதால் அதை ஏழு பேர் பகிர வேண்டும். ஆளுக்கு ஏறத்தாழ 11,000 ரூபா. போக்குவரத்தும் தங்குமிடமும் இன்னும் சேரவில்லை. சில இடங்களில் வரிகள் மெனு விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். வேறு சில இடங்களில் நுழைவுக் கட்டணமோ ஆகக் குறைந்த செலவுத் தொகையோ இருக்கும். மேசை பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு விடயம், யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. ஒரே வகுப்பில் படித்த பத்துப் பேரில் ஒருவர் டொரொண்டோவில் இருப்பார், ஒருவர் கொழும்பில் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பார், இன்னொருவர் கிளிநொச்சியில் ஆசிரியராக இருப்பார். முதலாமவருக்கு ஒரு மாலைச் செலவாகத் தெரியும் தொகை, மூன்றாமவருக்கு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு. குழுவில் பகிரங்கமாக "எல்லாருக்கும் ஓகேயா?" என்று கேட்டால் அவர் இல்லையென்று சொல்லப்போவதில்லை. கடன் வாங்கிக்கொண்டு வருவார், அல்லது கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று ஒரு செய்தி அனுப்புவார்.

இதற்கு வழி எளிது. ஏற்பாட்டாளர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, அதிகபட்சம் எவ்வளவு தரமுடியும் என்று கேட்க வேண்டும். கிடைக்கும் பதில்களில் மிகக் குறைந்த தொகையை வைத்தே திட்டத்தைப் போட வேண்டும். வசதியுள்ளவர் மேலதிகமாகத் தர விரும்பினால் அதை ஏற்பாட்டாளரிடம் இரகசியமாகக் கொடுக்கலாம். மேசையில் வைத்து எல்லோருக்கும் முன்னால் கொடுத்தால், அந்த இரவு அவருடையதாகிவிடும்.

இடம்

கொழும்பில் இதற்கென்று தனியிடம் தேட வேண்டியதில்லை. கோட்டையில் 2011இல் புனரமைக்கப்பட்ட பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடம், கொம்பனித்தெருப் பக்கத்து உணவகங்கள், காலி முகத்திடலை ஒட்டிய ஹோட்டல்கள், கல்கிசைக் கடற்கரை எனத் தெரிவுகள் ஏராளம். ஒரு பகுதியைத் தெரிவுசெய்து, நடந்துபோகும் தூரத்துக்குள்ளேயே இரவை முடித்துக்கொள்வது நல்லது. மூன்று இடங்களுக்கு மூன்று வாகனங்களில் பிரிந்து போகும் திட்டத்தில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள். கடைசியில் கொள்ளுப்பிட்டியில் ஒரு கொத்துக் கடையில் இரவை முடித்துக்கொள்வது கொழும்பு நண்பர்கள் பலரின் பழைய பழக்கம், மலிவும்கூட.

கசினோவுக்குப் போவோம் என்று யாராவது கட்டாயம் சொல்வார். இலங்கைப் பிரஜைகளுக்கு உள்ளே நுழைவதற்கே டொலரில் கணக்கிடப்படும் வரி உண்டு. பொதுக்காசை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாதிருப்பது உத்தமம்.

நீர்கொழும்பு, வாதுவை, பெந்தோட்டை என்று கடற்கரையோர வில்லாக்களை வாடகைக்கு எடுப்பவர்களும் அதிகம். தலைக்குக் கணக்குப் பார்த்தால் இது மலிவாக வரலாம். ஆனால், நண்பர்கள் காசு சேர்த்து நடத்தும் விருந்து வேறு, முகம் தெரியாதவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி நடத்தும் விருந்து வேறு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் விற்பது மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குற்றம். "பேஸ்புக் களியாட்டம் சுற்றிவளைப்பு" என்று அடிக்கடி செய்திகளில் படிப்பது பெரும்பாலும் இப்படி ஆள் சேர்த்த விருந்துகளைத்தான். ஒலிபெருக்கியையும் மறந்துவிடக்கூடாது. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் அதற்கு அனுமதி வழங்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டது. அயலவர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு போதும், பொலிஸார் வாசலுக்கு வருவதற்கு.

குடியும் போதையும்

மதுபானம் விற்பதற்கும் வாங்குவதற்கும் சட்டப்படியான வயது 21. மாப்பிள்ளையின் தம்பிமார், மச்சான்மார் என்று 19, 20 வயதுப் பையன்களையும் அழைத்துச் செல்வது எமது வழக்கம் என்பதால் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். சாதாரண லாகர் பியரில் மதுசாரம் ஏறத்தாழ 5 சதவீதம். 'ஸ்ட்ரோங்' என்று விற்கப்படுபவற்றில் 8 சதவீதத்துக்கும் மேல். "ரெண்டு பியர்தானே" என்ற கணக்கு அங்கேயே பிழைத்துவிடும்.

சாரதிக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். உடல் அதை மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதமே குறைக்கிறது. இரவு 2 மணிக்கு 180 மில்லிகிராம் அளவில் இருந்த ஒருவர், தூங்கி எழுந்து காலை 8 மணிக்கு வாகனத்தை எடுத்தால் அவரது இரத்தத்தில் இன்னும் 90 மில்லிகிராம் இருக்கும். குளித்தாலும் கோப்பி குடித்தாலும் இந்த வேகம் கூடாது. இரவில் மட்டுமன்றி, மறுநாள் காலை ஏ9 வீதியில் ஊர் திரும்புபவரும் சட்டத்தின் பார்வையில் குடிபோதையில் வாகனம் செலுத்துபவராக இருக்கலாம். எனவே, சொந்த வாகனத்தில் வருபவர்கள் மறுநாள் மதியத்துக்கு முன்னர் புறப்படாதிருப்பது நல்லது. அல்லது குடிக்காத ஒருவர் ஓட்ட வேண்டும். நகருக்குள் பிக்மீ, ஊபர் இருக்கின்றன. செயலிக்கான பொறுப்பைக் குடிக்காத ஒருவரின் தொலைபேசியில் வையுங்கள். அதில் மின்னேற்றம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

போதைப்பொருள் விடயத்தில் 'ஒருநாள்தானே' என்ற பேச்சுக்கே இடமில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் தண்டனை மரணமாகவோ ஆயுட்காலச் சிறையாகவோ இருக்கலாம். ஹெரோயினுக்கு அந்த எல்லை 2 கிராம். குறைந்த அளவு என்றாலும் கைதும் நீதிமன்றமும் உண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்கோ அரச வேலைக்கோ பொலிஸ் அறிக்கை எடுக்க வேண்டியவர்கள் எமது குழுக்களில் பாதிப் பேர். சட்டத்தைவிடப் பெரியது உயிர். 2018 ஓகஸ்டில் வாதுவையில் ஹோட்டலொன்றில் நடந்த விருந்தில் கலந்துகொண்ட நால்வர் உயிரிழந்தார்கள்.

ஒருவர் எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், உடல் குளிர்ந்தால் "தூங்கட்டும்" என்று விட்டுவிடக்கூடாது. பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்துவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். சேவை இலவசம். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் தாமதிக்கும் அரை மணித்தியாலம்தான் ஆபத்தானது. குடித்துவிட்டு இரவில் கடலில் இறங்குவதும் அப்படித்தான்.

மாப்பிள்ளைக்கு விருப்பமா?

ஹிந்திப் படங்களும் ஹொலிவூட் படங்களும் காட்டும் பச்சிலர் பார்ட்டியில் மாப்பிள்ளை திடுக்கிட வேண்டும், வெட்கப்பட வேண்டும். ஆனால் குடிக்காத மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள், விரதகாலத்தில் இருப்பவர்கள் இருக்கிறார்கள், கூட்டத்தையே விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அவரிடம் நேரடியாகக் கேட்டு, வேண்டாம் என்பதை ஒரு பட்டியலாக எழுதி, அதை எல்லோரும் மதிக்க வேண்டும். பணிபுரியும் பெண்களைச் சீண்டுவதும் ஆட்டம் பார்க்கப் பணம் வீசுவதும் 'பகிடி' அல்ல.

படங்களைப் பற்றியும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். காணொளி ஒன்று இரவு 1 மணிக்கு இன்ஸ்டகிராமில் ஏறினால், காலை 6 மணிக்குப் பெண் வீட்டாரின் குடும்பக் குழுவில் இருக்கும். மறுநாள் மதியம்வரை எவரும் எதையும் பதிவேற்றுவதில்லை, மாப்பிள்ளை பார்த்துச் சம்மதித்த படங்கள் மட்டுமே வெளியே போகும் என்ற இரண்டு விதிகள் போதும்.

வீட்டாரின் பயம்

கொழும்பில் இரவு என்றதும் அம்மாமார் பதறுவதைப் பழைய காலத்து மனம் என்று தள்ளிவிட முடியாது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் அதிகமான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, நள்ளிரவில் கதவு தட்டும் சத்தம் என்பவற்றோடு இந்த நகரத்தில் வாழ்ந்த தலைமுறை அது. அவர்களது பிள்ளைகள் இன்று அதே நகரத்தில் இரவு 2 மணிக்குச் சிரித்துக்கொண்டு நடப்பது சாதாரண விடயம் அல்ல.

ஆகவே தேசிய அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். பொலிஸார் மறித்தால் குழுவில் நிதானமாக இருக்கும் ஒருவர் மட்டும் பேசட்டும். வாக்குமூலம் தரவேண்டி வந்தால் தமிழில் தருவதாகக் கேட்பது உங்கள் உரிமை. வாசித்து விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளில் கையொப்பமிட வேண்டாம். தங்கும் இடத்தின் முகவரியையும் இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் வீட்டில் ஒருவருக்கு, அண்ணனுக்கோ அக்காவுக்கோ, முன்னரே அனுப்பிவிடுங்கள்.

இறுதியாக ஒரு சிறு வேலை. குழுவில் உள்ள அனைவரது பெயரையும் ஏற்பாட்டாளர் ஒரு பட்டியலாகப் போட்டு, ஒவ்வொருவரும் அறைக்கோ வீட்டுக்கோ போய்ச் சேர்ந்ததும் தன் பெயருக்கு நேரே 'வந்திட்டன்' என்று எழுதச் சொல்ல வேண்டும். கடைசிப் பெயருக்கும் பதில் வரும்வரை அவர் தூங்கக்கூடாது. அதற்குச் சம்மதிக்கும் ஒருவரை முதலில் கண்டுபிடியுங்கள். இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.