காகிதக் கிரீடமும் வைகுண்ட விமானமும்

புனே லா காலேஜ் சாலையில் நம்மவர் பலர் தினம் கடந்து செல்லும் திரைப்படக் கல்லூரி, ஒரு காலத்தில் பிரபாத் ஸ்டூடியோ. கோலாப்பூரில் தொடங்கிய பிரபாத் கம்பெனி 1933-ல் இங்கு வந்தது. 1934-ல் 'சீதா கல்யாணம்' என்று தமிழிலும் படமெடுத்தது.

பங்குதாரர்களான தாம்லேயும் பத்தேலாலும் பாபுராவ் பெயின்டரிடம் கைவேலை கற்றவர்கள். கறுப்பு வெள்ளைக் காமிராவுக்குப் பொன்னும் பித்தளையும் ஒன்றே, பளபளப்பு போதும். காகிதக் கூழை அச்சில் அழுத்தி உலர்த்தி வர்ணம் பூசினால், இத்தொழிலில் ராஜாவுக்குக் கிரீடம் தயார்! கனமில்லாததைக் கனமாகச் சுமப்பது நடிகர் பாடு.

இருவரும் இயக்கிய 'சந்த் துக்காராம்' (1936) முடிவில் மகான் விமானமேறி வைகுண்டம் போகிறார். 1937-ல் வெனிஸ் விழாவில் பாராட்டுப் பெற்ற படம். விமானத்துக்கு ஆணியடித்த தச்சர் யாரென்று எவர் கேட்டார்?

கம்பெனி 1950-களில் மூடப்பட்டது. 1960-ல் கல்லூரி வந்தது. பிரபாத் படங்களின் உடைகளும் சாமான்களும் அங்கே காட்சிக்கூடத்தில் இருக்கின்றன.