திண்மநிலை கிட்டார் மிகைப்பியில் பழுதுநீக்கம்

திண்மநிலை கிட்டார் மிகைப்பி என்பது மின்கிட்டாரின் சிறிய குறிகையை வெற்றிடக் குழல்கள் இல்லாமல், டிரான்சிஸ்டர்களையும் தொகுப்புச் சுற்றுகளையும் (ஐசி) கொண்டு பெருக்கி ஸ்பீக்கருக்கு வழங்கும் கருவியாகும். இசைக்கலைஞர்கள் இதனைச் சுருக்கமாக ஆம்ப் என்பர். ரோலண்ட் நிறுவனம் 1975-இல் வெளியிட்ட ஜேசி-120 இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது. குழல் மிகைப்பிகளைப் போல இவற்றில் தேய்ந்துபோகும் குழல்களை மாற்ற வேண்டியதில்லை. ஆயினும் இணைப்புகள் தளர்வதாலும், மின்தேக்கிகள் முதுமையடைவதாலும், வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரிவதாலும் பழுது ஏற்படுகிறது. அடிப்படை மின்னணுவியல் அறிந்தவர் மல்டிமீட்டர், பற்றவைப்புக் கோல், ஒரு குண்டு பல்பு ஆகியவற்றைக் கொண்டு இப்பழுதுகளில் பலவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

அமைப்பு

மிகைப்பியில் மூன்று பகுதிகள் உள்ளன. மின்வழங்கிப் பகுதியில் மின்மாற்றி, நான்கு டயோடுகள் கொண்ட பாலத் திருத்தி, பெரிய வடிகட்டு மின்தேக்கிகள் ஆகியன இருக்கும். முன்மிகைப்பியில் டிஎல்072, 4558 போன்ற ஐசிகள் ஒலியளவையும் சுரத்தன்மையையும் கவனிக்கின்றன. திறன்மிகைப்பி ஸ்பீக்கரை இயக்குகிறது. இது தனி டிரான்சிஸ்டர்களால் ஆனதாகவோ, டிடிஏ2050, எல்எம்3886 போன்ற ஒரே ஐசியாகவோ இருக்கலாம்.

பெரும்பாலான மிகைப்பிகள் நேர், எதிர் என இரு மின்னழுத்தங்களில் இயங்குகின்றன. மின்மாற்றியின் துணைச்சுற்று நடுமுனையிலிருந்து இருபுறமும் 24 வோல்ட் மாறுமின்னழுத்தம் தருமாயின், திருத்தி வடிகட்டிய பின் ஏறத்தாழ நேர் 33, எதிர் 33 வோல்ட் கிடைக்கும். முன்மிகைப்பிக்கு இதிலிருந்து நேர் 15, எதிர் 15 வோல்ட் எடுக்கப்படுகிறது.

பாதுகாப்பு

உள்ளே உள்ள நேர்மின்னழுத்தம் குழல் மிகைப்பியில் உள்ளதை விடக் குறைவு என்பதால் கவனக்குறைவு ஏற்படுவதுண்டு. மின்கம்பி நுழையுமிடம், சுவிட்ச், ஃபியூஸ், மின்மாற்றியின் முதன்மைச்சுற்று ஆகிய இடங்களில் 230 வோல்ட் இருக்கிறது. அது உயிரைப் பறிக்க வல்லது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அதன் பின்னும் வடிகட்டு மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். 100 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை அவற்றின் முனைகளுக்கிடையே சில நொடிகள் பிடித்து மின்னிறக்கி, மீட்டரில் மின்னழுத்தம் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். திருப்புளியால் குறுக்கிடுவது தவறான பழக்கமாகும்.

இரைச்சலைக் குறைப்பதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிப்பது ஆபத்தானது. கிட்டாரின் கம்பிகள் மிகைப்பியின் உலோகப் பெட்டியுடன் மின்தொடர்பு கொண்டவை. உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், எர்த் இல்லாத நிலையில் அம்மின்சாரம் வாசிப்பவரின் கைக்கே வரும். அவர் அதே வேளையில் ஒலிவாங்கியைத் தொட்டால் மின்னோட்டம் உடல் வழியே பாயும்.

பழுதின் இடத்தை அறிதல்

திறப்பதற்கு முன் வேறு கிட்டார், வேறு கேபிள் கொண்டு சோதிக்க வேண்டும். பழுது கேபிளில் இருப்பது மிகவும் வழக்கம்.

பின்புறம் சென்ட், ரிட்டர்ன் என்னும் துளைகள் உள்ள மிகைப்பியில் பழுதை எளிதில் இரு பாதியாகப் பிரிக்கலாம். கிட்டாரை நேரடியாக ரிட்டர்ன் துளையில் செருகும்போது மெல்லிய ஒலி வந்தால் திறன்மிகைப்பியும் ஸ்பீக்கரும் நலமாக உள்ளன. பழுது முன்மிகைப்பியில் இருக்கிறது. சென்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஒரு சிறு கேபிளால் இணைத்ததும் முழு ஒலி திரும்பினால், ரிட்டர்ன் துளைக்குள் இருக்கும் சுவிட்ச் தொடுமுனை ஆக்சைடு படிந்து போயிருக்கிறது. இதற்குத் தொடுமுனைத் துப்புரவுத் திரவம் தெளித்து, பிளக்கைப் பலமுறை செருகி எடுத்தாலே போதும்.

ஸ்பீக்கரின் ஒரு கம்பியைக் கழற்றி அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 முதல் 7 ஓம் வரை காட்டும். மீட்டர் எதையும் காட்டாவிடில் சுருள் அறுந்துள்ளது.

ஃபியூஸ் எரிதல்

எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதே அளவும் அதே வகையும் உள்ள ஃபியூஸையே போட வேண்டும். புதியதும் உடனே எரிந்தால் உள்ளே குறுக்குச்சுற்று உள்ளது. அதற்குக் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸோ செப்புக்கம்பியோ போடுவது மின்மாற்றியைக் கருகச் செய்யும்; தீ விபத்துக்கும் வழிவகுக்கும்.

இந்நிலையில் தொடர் பல்பு உதவுகிறது. 60 முதல் 100 வாட் வரையிலான இழை பல்பு ஒன்று மின்வழியில் தொடராக இணைக்கப்படுகிறது. எல்இடி பல்பு இதற்குப் பயன்படாது. மிகைப்பியை இயக்கும்போது மின்தேக்கிகள் நிரம்பும் கணத்தில் பல்பு மின்னி, பின் மங்கினால் பெரிய குறுக்குச்சுற்று இல்லை. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் திருத்தி டயோடு, வடிகட்டு மின்தேக்கி, வெளியீட்டு டிரான்சிஸ்டர், மின்மாற்றி ஆகியவற்றுள் ஒன்று பழுதாகியுள்ளது. மின்னோட்டத்தைப் பல்பு கட்டுப்படுத்துவதால் மேலும் உறுப்புகள் எரிவது தவிர்க்கப்படுகிறது.

வெளியீட்டுப் பகுதி

இயக்கியவுடன் ‘டம்’ என்ற ஒலியுடன் ஸ்பீக்கர் கூம்பு முன்னோ பின்னோ தள்ளப்பட்டு நின்றால், உடனே அணைக்க வேண்டும். வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் வந்துவிட்டது என்பதே இதன் பொருள். சுருளின் மின்தடை 6.5 ஓம் எனில், 33 வோல்ட் அதில் 5 ஆம்பியர் செலுத்தும். இது 160 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பமாகும். கூம்பு அசையாததால் காற்றோட்டமும் இல்லாமல் சுருள் விரைவில் கருகும். எனவே ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டே சோதனையைத் தொடர வேண்டும்.

ஸ்பீக்கர் முனைகளுக்கிடையே நலமான மிகைப்பி சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் காட்டும். பல வோல்ட் இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கிகளை மின்னிறக்கி, வெளியீட்டு டிரான்சிஸ்டர்களை அளக்க வேண்டும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே சுழியத்தை ஒட்டிய ஓம் காட்டும் டிரான்சிஸ்டர் எரிந்துபோனது. சுற்றில் இருக்கும்போது அளவு தவறலாம் என்பதால் ஐயமுள்ளதைக் கழற்றி மீண்டும் அளப்பது நல்லது.

ஒரு டிரான்சிஸ்டர் எரியும்போது அதன் இணையும், அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரும், 0.22 முதல் 0.47 ஓம் வரையிலான எமிட்டர் மின்தடைகளும் சேர்ந்து சேதமடைவதுண்டு. எரிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் அடுத்த நொடியில் எரியக்கூடும். ஆகவே டிப்142, டிப்147 போன்ற இணைகள் சேர்த்தே மாற்றப்படுகின்றன. போலி டிரான்சிஸ்டர்கள் சந்தையில் உலவுவதால் நம்பகமான கடையில் வாங்க வேண்டும். பொருத்தும்போது மைக்கா தகட்டையும் வெப்பக் களிம்பையும் மறக்கலாகாது. மைக்கா கிழிந்திருந்தால் கலெக்டர் வெப்பத்தகட்டுடன் தொட்டு மீண்டும் குறுக்குச்சுற்று ஏற்படும்.

இரைச்சலும் விட்டுவிட்டு ஒலித்தலும்

ஒலியளவைச் சுழியத்தில் வைத்தும் குறையாத 100 எர்ட்சு ரீங்காரம் வடிகட்டு மின்தேக்கிகளின் முதுமையைக் குறிக்கும். ஒலியளவோடு கூடிக் குறையும் 50 எர்ட்சு ரீங்காரம் பெரும்பாலும் கேபிள், கிட்டார், உள்ளீட்டு எர்த் இணைப்பு ஆகியவற்றிலிருந்து வருவது. மின்தேக்கியை மாற்றும்போது அதே மைக்ரோஃபாரடு அளவும், அதே அல்லது கூடுதல் வோல்ட் தாங்குதிறனும் கொண்டதைத் தேர்ந்து, முனைகள் மாறாமல் பற்றவைக்க வேண்டும்.

பெட்டியைத் தட்டினால் ஒலி வந்துபோவது விரிசலிட்ட பற்றவைப்பின் அடையாளம். உள்ளீட்டுத் துளை, திருகு கட்டுப்பாடுகள், சூடேறும் மின்தடைகள் ஆகியவற்றின் கால்களில் வட்டமாக மெல்லிய விரிசல் காணப்படும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் இது தீரும். திருகைச் சுழற்றும்போது கரகர ஒலி வந்தால் துப்புரவுத் திரவம் உதவும். அதன் பின்னும் நீடித்தால் இணைப்பு மின்தேக்கி ஒன்று கசிந்து திருகு வழியே நேர்மின்னோட்டம் பாய்கிறது எனலாம்.

இறுதிச் சோதனை

பழுதுபார்த்த மிகைப்பியை முதலில் தொடர் பல்புடன், ஸ்பீக்கர் இல்லாமல் இயக்க வேண்டும். பல்பு மங்கி, வெளியீடு சுழியத்தை ஒட்டி நின்றபின் பல்பை நீக்கி மீண்டும் அளந்து, அதற்குப் பிறகே ஸ்பீக்கரை இணைக்க வேண்டும். அரை மணி நேரம் மிதமான ஒலியில் இயக்கி, வெப்பத்தகடு அளவுமீறிச் சூடாகிறதா என்று கவனிக்கப்படுகிறது.

மின்மாற்றி கருகியிருத்தல், பலகை எரிந்து கரியாகியிருத்தல், 230 வோல்ட் பகுதியில் மின்கசிவு ஆகியவை இருப்பின் தேர்ந்த பழுதுநீக்குநரை நாடுவதே பாதுகாப்பானது.